அம்புக்குறிக்குப் பின்னால்

தில்லி மெட்ரோ 2002 டிசம்பர் 25 அன்று பொதுமக்களுக்குத் திறந்தபோது அது ஷாதராவிலிருந்து தீஸ் ஹசாரி வரை ஓடிய சின்னப் பாதை. முதல் நாளே கூட்டம் தாங்கவில்லை. மெட்ரோ இனி இங்கேயேதான் இருக்கும், வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் நிதானமாக வரலாம் என்று நிர்வாகமே கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. வந்தவர்களில் பெரும்பாலோர் தானியங்கிக் கதவைத் தாண்டி ரயிலேறிப் பழகாதவர்கள். கையில் வட்டமான ஒரு பிளாஸ்டிக் டோக்கன். உள்ளே போகும்போது அதைக் கதவின் மேல் வைத்துக் காட்ட வேண்டும். வெளியே வரும்போது ஒரு துளைக்குள் போட்டுவிட வேண்டும். ஒரே டோக்கனுக்கு இரண்டு வேறு செய்கைகள்.

இதை எழுதி விளக்குவதென்றால் ஒரு பெரிய பலகை வேண்டும். மெட்ரோ அவ்வளவு எழுதவில்லை. நுழையும் பக்கம், டோக்கனை வைக்கும் இடத்தின் மேலேயே ஒரு படம். வெளியேறும் பக்கம், டோக்கன் நுழையும் அளவில் ஒரு துளை. பயன்படுத்தக்கூடிய கதவுக்குப் பச்சை அம்பு, கூடாததற்குச் சிவப்புப் பெருக்கல் குறி. அதற்கும் மேல் திகைத்து நின்றவர்களுக்கு உதவப் பக்கத்திலேயே ஓர் ஊழியர். பல ஆண்டுகள் கழித்தும் டோக்கனை வெளிக்கதவில் வைத்துவிட்டுக் கதவு திறக்கக் காத்திருந்தவர்கள் உண்டு. ஆனால் பின்னால் நின்றவர் துளையைக் காட்டியதும் விஷயம் முடிந்தது; இரண்டாம் முறை யாரும் காட்ட வேண்டியிருக்கவில்லை. 2023இல் காகித க்யூஆர் சீட்டு வந்த பிறகு டோக்கனுக்கே வேலை இல்லாமல் போயிற்று.

அமெரிக்க உளவியலாளர் டொனால்ட் நார்மன் 1988இல் வெளிவந்த தம் நூலில், தள்ளு, இழு என்று எழுதி ஒட்ட வேண்டியிருக்கும் கதவைத் தவறாகச் செய்யப்பட்ட கதவு என்றே சொன்னார். அவர் பேசியது வீட்டுப் பொருள்களைப் பற்றி. பொதுஇடத்துக்கும் அது பொருந்தும், ஒரு திருத்தத்தோடு. பொதுஇடத்தில் பலகை இல்லாமல் முடியாது. ஆனால் எத்தனை பலகை வேண்டும், அதில் எத்தனை சொல் வேண்டும் என்பது, அந்த இடம் எவ்வளவு ஒழுங்காக அமைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது.

பலகைகளைப் பற்றிய நம் பேச்சு பெரும்பாலும் எழுத்துப்பிழையில் தொடங்கி மொழி அரசியலில் முடிந்துவிடுகிறது. இரண்டும் பேச வேண்டியவைதான். ஆனால் ஒரு பலகை புரியுமா புரியாதா என்பது, பெயின்டர் தூரிகையை எடுப்பதற்கு முன்பே, அதற்குப் பின்னால் இருக்கும் ஏற்பாட்டில் தீர்மானமாகிவிடுகிறது. இதைப் பார்ப்பதற்குத் தில்லியைவிட நல்ல ஊர் கிடையாது. உலகத் தரத்து வழிகாட்டிக் குறிகளும் உயிரைக் குடித்த குழப்பங்களும் சில கிலோமீட்டர் இடைவெளியில் இங்கே கிடக்கின்றன.

ராஜீவ் சௌக் நிலையத்தில் மஞ்சள் தடமும் நீலத் தடமும் சந்திக்கின்றன. அங்கே தரையில் வண்ணக் காலடிகள் ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மஞ்சள் ரயிலுக்குப் போகிறவர் மஞ்சள் காலடியைப் பிடித்துக்கொண்டு நடந்தால் போதும். குழந்தைத்தனமாகத் தோன்றும் இந்த ஏற்பாட்டில் மூன்று காரியங்கள் நடக்கின்றன. நெரிசலில் முன்னால் போகிறவரின் தலையும் பையும் தொங்கும் பலகையை மறைக்கும்; தரையை அவ்வளவு எளிதில் மறைக்க முடியாது. படிக்கட்டை நெருங்கும்போது யாருடைய கண்ணும் கீழே தாழ்ந்துதான் இருக்கும். மூன்றாவதே முக்கியம்: திரும்ப வேண்டிய இடத்தில் ஓர் அம்பு காட்டிவிட்டு விட்டுவிடாமல், சரியான வழியில்தான் போகிறோம் என்ற உறுதியை அடிக்கொரு தரம் காலடிகள் தருகின்றன. வழிகாட்டிப் பலகைகள் பெரும்பாலும் சறுக்குவது இந்த இடத்தில்தான். முதல் அம்பு இருக்கும். அதை நம்பி ஐம்பதடி நடந்த பிறகு, சரிதானா என்ற சந்தேகம் வரும்போது ஒன்றும் இருக்காது.

காலடியை எந்த எழுத்தும் தெரியாதவரும் வாசிக்கலாம். 2011 கணக்கெடுப்பின்படி தில்லியின் எழுத்தறிவு 86 சதவீதம். ஏழு வயதைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய ஏழில் ஒருவருக்கு எழுத்து தெரியாது. இந்தி தெரியாமல் வந்து இறங்கும் நம்மவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு பலகை நன்றாக இருக்கிறதா என்று சோதிக்க இவர்களைவிடத் தகுந்தவர்கள் இல்லை. ஊர்க்காரருக்குப் பலகையே வேண்டாம், அவருக்கு வழி தெரியும்.

நிறம் எங்கே கைவிடும் என்பதற்கும் அதே மெட்ரோவில் சான்று உண்டு. யமுனா பேங்க் நிலையத்தைத் தாண்டியதும் நீலத் தடம் இரண்டாகப் பிரிகிறது; ஒன்று நொய்டாப் பக்கம், மற்றொன்று வைஷாலிக்கு. நிர்வாகக் கணக்கில் அவை மூன்றாம் தடம், நான்காம் தடம். பயணிக்கு இரண்டும் நீலம், இரண்டுக்கும் ஒரே நடைமேடை. அதுவரை நிறத்தை நம்பி வந்தவர் இங்கே ரயிலின் நெற்றியில் இருக்கும் ஊர்ப்பெயரை வாசித்தாக வேண்டும், அல்லது அறிவிப்பைக் காதில் வாங்க வேண்டும். கிளைக்கு வேறு நிறம் கொடுத்திருந்தால் அந்த அறிவிப்புக்குப் பாதி வேலை குறைந்திருக்கும். பலகையை மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது. பிசகு நிறம் பிரித்த இடத்தில்.

2010 அக்டோபரில் ரயிலின் முதல் பெட்டி பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டது. நடைமேடைத் தரையில், அந்தப் பெட்டி வந்து நிற்கும் இடத்தில் இளஞ்சிவப்புக் குறி. அந்தக் குறி தெளிவாக இருப்பதற்குக் காரணம் இளஞ்சிவப்பு அன்று. ரயில் ஒவ்வொரு முறையும் அதே கோட்டில் வந்து நிற்கிறது. நேற்று உண்மையாக இருந்த குறி இன்றும் உண்மையாக இருக்கிறது. நம் விரைவு ரயில்களின் பொதுப்பெட்டிக்கு இப்படித் தரையில் குறி போட்டுப் பாருங்கள். பெட்டி வரிசை ஒரு நாள் மாறினால் போதும், குறி பொய்யாகிவிடும். இரண்டு தடவை பொய் சொன்ன பலகையை மூன்றாம் தடவை யாரும் பார்ப்பதில்லை.

பெயருக்கும் இதே சங்கதிதான். மெட்ரோவில் கடைசி நிலையத்தின் பெயரே திசைப் பலகை. மஞ்சள் தடத்தில் பல ஆண்டுகளாக அது ஹுடா சிட்டி சென்டர். 2023 ஜூலையில் அதைக் குருகிராம் சிட்டி சென்டர் என்று மாற்றுவதாக அறிவித்தார்கள். அன்றே அதையும் மாற்றி மில்லேனியம் சிட்டி சென்டர் என்றார்கள். தில்லிக்கு இது புதிதல்ல. ஔரங்கசீப் சாலை 2015இல் அப்துல் கலாம் சாலையாயிற்று. ரேஸ் கோர்ஸ் மெட்ரோ நிலையம் 2016இல் லோக் கல்யாண் மார்க் ஆனது. கன்னாட் பிளேஸ் என்ற பெயரை அதிகாரபூர்வமாக எடுத்துவிட்ட பிறகும் ஊர் வாய் அதைச் சி.பி. என்றே சொல்கிறது. பெயர் மாற்றத்தின் நியாய அநியாயம் இருக்கட்டும். வழி கேட்பவர் ஒரு பெயரைச் சொல்ல, பலகை இன்னொரு பெயரைக் காட்டினால் அங்கே பலகை இருந்தும் இல்லாததுதான்.

சாலைக்கு வருவோம். தில்லித் தெருப் பலகைகளில் இந்தி, ஆங்கிலம், பஞ்சாபி, உருது என நான்கு எழுத்துகள். 2000ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் இந்தியை ஆட்சிமொழியாகவும் பஞ்சாபியையும் உருதுவையும் இரண்டாம் ஆட்சிமொழிகளாகவும் வைத்தது. நடந்து போகிறவருக்கு இதில் சிரமமே இல்லை. நின்று, தன் எழுத்தைத் தேடி வாசித்துக்கொள்வார். காரில் போகிறவர் கதை வேறு. 60 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் ஓடிவிடும். அமெரிக்கச் சாலைத் துறை பயன்படுத்தும் கணக்கில் ஓர் அங்குல உயர எழுத்தை முப்பது அடியிலிருந்து வாசிக்கலாம். அப்படியானால் 20 சென்டிமீட்டர் எழுத்து ஏறக்குறைய 70 மீட்டரில்தான் பிடிபடும். கையில் இருப்பது நான்கு நொடி. அதற்குள் தன் எழுத்து எந்த வரியில் என்று கண்டுபிடித்து, வாசித்து, பக்கத்தில் வரும் பேருந்தைப் பார்த்து, தடம் மாற வேண்டும். மேம்பாலம் பிரியும் மூக்கிலேயே பலகையை நட்டால் வாசித்து முடிக்கும்போது வண்டி பாலத்தின் மேல் இருக்கும்.

அதிலும் அந்தக் கணக்கு ரோமன் எழுத்துக்குப் போட்டது. தேவநாகரிக்கு மேலும் கீழும் குறிகள் உண்டு. உருதுவின் நஸ்தலீக் சாய்வாக இறங்கி ஓடுவதால் கூடுதல் உயரம் கேட்கும். நான்கு வரிக்கும் ஒரே உயரம் ஒதுக்குவது பார்வைக்குச் சமத்துவம். வாசிக்கும்போது உருது வரிதான் முதலில் மங்கும். மொழியைக் குறைக்கச் சொல்லவில்லை. பலகையைப் பெரிதாக்கு, முன்னால் நகர்த்து என்பதே இதற்கு விடை. பிரிட்டனில் 1958இல் பிரெஸ்டன் புறவழிச்சாலை திறந்தபோது ஜாக் கின்னியர் வரைந்த பலகைகளைச் சோதனையாகத்தான் வைத்தார்கள். பின்னர் மார்கரெட் கால்வெர்ட்டுடன் சேர்ந்து அவர் உருவாக்கிய முறை 1965இல் நாடு முழுக்க நடைமுறைக்கு வந்தது. ஓட்டிப் பார்த்துத்தான் முடிவு செய்தார்கள்.

மருத்துவமனைகளில் குழப்பம் வேறு விதம். எய்ம்ஸ் வளாகத்தில் கண் சிகிச்சைப் பிரிவு இருப்பது ராஜேந்திர பிரசாத் பெயரிலுள்ள மையத்தில். எல்லாரும் சொல்வது ஆர்.பி. சென்டர். புற்றுநோய்க்கு ஐ.ஆர்.சி.எச். என்ற நான்கு எழுத்து. ஒரு புறநோயாளிப் பிரிவுக் கட்டடத்துக்கு முதல் சுகாதார அமைச்சர் ராஜ்குமாரி அம்ரித் கௌர் பெயர். இவை எல்லாம் நினைவுகூர வேண்டிய பெயர்களே. ஆனால் பீகாரிலிருந்து தாயை அழைத்துக்கொண்டு வருகிறவர் தேடுவது கண்ணை. அவருக்கும் அவர் தேடும் கதவுக்கும் நடுவே ஒரு தலைவரின் முதலெழுத்துகள் நிற்கின்றன. உள்ளே வேலை செய்பவர்களுக்கு இது உறைக்கவே உறைக்காது. அவர்களுக்கு அது தினசரிப் பேச்சு.

உள்ளாட்களுக்கான பலகை தனி வகை, அதில் தவறும் இல்லை. ரயில் பாதையோரம் டபிள்யூ, எல் என்று இரண்டு ஆங்கில எழுத்துகள் மட்டும் உள்ள மஞ்சள் பலகையைப் பார்த்திருப்போம். முன்னால் லெவல் கிராசிங் வருகிறது, விசில் அடி என்பது அதன் பொருள். நமக்குப் புரியாவிட்டால் குற்றமில்லை. ஓட்டுநர் பயிற்சி பெற்றவர். பயிற்சி பெற்றவருக்கு எழுதும் அதே பாணியில் பயிற்சி பெறாதவருக்கும் எழுதுவதுதான் நம் அலுவலகங்களின் பழக்கம். இன்ன சட்டம், இன்ன பிரிவு, மீறினால் இன்ன தண்டனை, இப்படிக்கு இன்ன அதிகாரி. படிவத்தை எந்த ஜன்னலில் கொடுப்பது என்பது மட்டும் இருக்காது.

பலகை எதைச் சொல்லாமல் விட்டது என்று கண்டுபிடிக்க எளிய வழி ஒன்றுண்டு. எந்த அலுவலகத்திலும் செல்லோடேப்பில் ஒட்டிய வெள்ளைத்தாள்களைப் பாருங்கள். இங்கே அல்ல, பக்கத்து ஜன்னல். ஆதார் நகல் இரண்டு. மதியம் இரண்டு மணிக்கு மேல் கிடையாது. ஒவ்வொரு தாளும், ஒரே கேள்விக்கு நாள் முழுக்கப் பதில் சொல்லிச் சலித்த குமாஸ்தா ஒருவர் ஸ்கெட்ச் பேனாவால் எழுதியது. சரியான இடத்தில், சரியான கேள்விக்கு, சுருக்கமாகச் சொல்லப்பட்ட பதில் அது. பித்தளைப் பலகையைவிட அந்தத் தாள் பயன்படுகிறது. பலகை வைக்கும் துறைகள் முதலில் சேகரிக்க வேண்டியது இந்தத் தாள்களையும் வாசல் காவலரிடம் மக்கள் கேட்கும் கேள்விகளையும்தான்.

இவ்வளவும் தெரிந்துகொள்ள விரும்புகிறவருக்கான பலகைகள். தெரிந்தும் செய்கிறவருக்கான பலகை என்று இன்னொரு கூட்டம் இருக்கிறது. தில்லிச் சுவர்களில் அதுவே அதிகம். இங்கே சிறுநீர் கழிக்காதே என்பதை யாரும் புதிதாகத் தெரிந்துகொள்வதில்லை. கெஞ்சி எழுதுகிறார்கள், கழுதை என்று திட்டி எழுதுகிறார்கள், கடைசியில் சாமி படம் போட்ட டைல்ஸ் பதிக்கிறார்கள். அப்படிப் படம் ஒட்டுவதைத் தடுக்கக் கோரிய பொதுநல வழக்கைத் தில்லி உயர்நீதிமன்றம் 2022இல் தள்ளுபடி செய்தது. இந்தச் சுவர்களில் எழுத்தின் அளவு, நிறம், மொழி பற்றிய ஆராய்ச்சி எதுவும் செல்லாது. கழிப்பறை எத்தனை அடி தொலைவில், எந்தப் பக்கம் என்று ஓர் அம்பு போட்டால் மட்டும் அது மறுபடி தகவல் பலகையாகும். அதற்குக் கழிப்பறை இருக்க வேண்டும், திறந்திருக்க வேண்டும்.

காலால் வாசிக்கும் பலகையைக் கவனித்தவர்கள் குறைவு. நடைமேடையிலும் நடைபாதையிலும் பதிக்கும் மஞ்சள் ஓடுகளை ஜப்பானியர் செய்ச்சி மியாகே 1965இல் உருவாக்கினார்; 1967இல் ஒகயாமா நகரில் முதலில் பதித்தார்கள். நீளக் கோடு என்றால் நட, புள்ளி என்றால் நில். உலகத்திலேயே மிகச் சிறிய அகராதி, இரண்டே சொல். மெட்ரோ நிலையத்துக்குள் பெரும்பாலும் அது ஒழுங்காக இருக்கிறது. வெளியே வந்து நகர நடைபாதையில் அதே கோட்டைப் பின்தொடர்ந்தால் மின்கம்பத்திலோ வேப்பமரத்திலோ தள்ளுவண்டியிலோ போய் முட்டும் இடங்கள் உண்டு. ஓடு பதித்தாயிற்று என்று பில் போட்டிருப்பார்கள். பார்வையற்றவருக்கு அது பொய் சொல்லும் பலகை, இல்லாமலே இருந்திருக்கலாம்.

பொய் சொல்லும் பலகை, எரியாத பலகை எல்லாம் எங்கே கொண்டு விடும் என்பதற்குத் தில்லி கொடுத்த விலை பெரிது. 1997 ஜூன் 13, கிரீன் பார்க்கில் உள்ள உபஹார் திரையரங்கில் 'பார்டர்' படம் ஓடிக்கொண்டிருந்தபோது கீழே கார் நிறுத்துமிடத்திலிருந்த டிரான்ஸ்பார்மரில் தொடங்கிய தீயின் புகை பால்கனிக்கு ஏறியது. 59 பேர் இறந்தார்கள். பின்னர் விசாரணையில் வெளிவந்தவை: பால்கனியின் வலப்பக்க வெளிவழியை எட்டு இருக்கைகள் கொண்ட ஒரு தனி அறை அடைத்திருந்தது, கூடுதல் இருக்கைகள் போட்டு நடைவழியைக் குறுக்கியிருந்தார்கள், வெளிவாசல் விளக்கும் அவசர விளக்கும் எரியவில்லை, ஒலிபெருக்கியில் அறிவிக்கவும் ஏற்பாடு இல்லை. ஓடும் மனிதன் வடிவிலான பச்சை வெளிவாசல் குறி ஜப்பானில் யூக்கியோ ஓட்டாவின் வரைவிலிருந்து உலகக் குறியாக அதற்கு முன்பே பரவிவிட்டிருந்தது. அது பால்கனியில் பளிச்சென்று எரிந்திருந்தாலும் வலப்பக்கத்தில் அது காட்டியிருக்கக்கூடியது ஒரு சுவரைத்தான்.

காதால் வாசிக்கும் பலகையும் உண்டு. எழுதியதை உரக்க வாசித்துக் காட்டுவது பழைய ஏற்பாடு. தில்லியில் காளிகா கோவிலுக்கு அருகே பஹாபூர் பாறையில் அசோகனின் கல்வெட்டு 1966இல் கண்டுபிடிக்கப்பட்டது. ஒடிசாவின் தௌலியில் உள்ள அவன் கட்டளையில், குறிப்பிட்ட நாள்களில் இதை மக்கள் கேட்கும்படி வாசிக்க வேண்டும் என்ற குறிப்பே உண்டு. கல்லில் வெட்டினால் போதாது, அதை வாசிக்க ஆளும் நாளும் குறிக்க வேண்டும் என்பது அந்த நிர்வாகத்துக்குத் தெரிந்திருந்தது. இன்று அந்த வேலையை ஒலிபெருக்கி செய்கிறது.

2025 பிப்ரவரி 15 இரவு, கும்பமேளாவுக்குப் போகும் கூட்டத்தால் புதுதில்லி ரயில் நிலையம் நிரம்பியிருந்தது. 14ஆம் நடைமேடையில் பிரயாக்ராஜ் எக்ஸ்பிரஸுக்காகக் காத்திருந்தார்கள்; 16ஆம் நடைமேடைக்குப் பிரயாக்ராஜ் ஸ்பெஷல் வருவதாக அறிவிப்பு வந்தது. தங்கள் ரயில்தான் இடம் மாறிவிட்டதென்று நினைத்துப் படிக்கட்டை நோக்கி ஓடியதால் நெரிசல் ஏற்பட்டது என்று தில்லி காவல்துறை சொன்னது. பயணி ஒருவரின் தலைச்சுமை விழுந்ததில் தொடங்கியது என்று ரயில்வே அமைச்சர் பின்னர் நாடாளுமன்றத்தில் தெரிவித்தார். இறந்தவர்கள் 18 பேர். எது முதற்காரணமாக இருந்தாலும், ஒரே ஊருக்கு ஒரே இரவில் போகும் இரண்டு ரயில்களின் பெயரில் முதல் சொல் ஒன்றாகவே இருந்தது. இரைச்சலில் காதில் விழுவது அந்த முதல் சொல்தான். இதே நிலையத்தில் 2010 மே மாதம் கடைசி நிமிட நடைமேடை மாற்றத்தால் ஏற்பட்ட நெரிசலில் இரண்டு பேர் இறந்திருந்தார்கள். 2025இல் அறிவித்த குரலிலோ உச்சரிப்பிலோ அல்ல குறை. அறிவிக்கக் கொடுத்த செய்தியே இரண்டு பொருள் தருவது.

பொதுக்குறிகளைச் சோதிப்பதற்கென்றே ஐ.எஸ்.ஓ. 9186 என்ற தரமுறை இருக்கிறது. குறியைச் சாதாரண ஆட்களிடம் காட்டி, இதற்கு என்ன பொருள் என்று கேட்டு, விடைகளை எண்ணுவதுதான் அதன் சாரம். அமெரிக்காவின் பாதுகாப்புக் குறித் தரமுறை இன்னும் கறாரானது: நூற்றுக்கு 85 பேர் சரியாகச் சொல்ல வேண்டும், தலைகீழாக, ஆபத்தான பொருளில் புரிந்துகொள்பவர்கள் ஐந்து பேருக்கு மேல் போகக்கூடாது. அந்த இரண்டாம் எண்தான் நமக்கு முக்கியம். புரியாமல் நிற்பவரைவிடத் தவறாகப் புரிந்துகொண்டு ஓடுகிறவருக்கே ஆபத்து அதிகம். நம் டெண்டர்களில் தகட்டின் கனம், ஒளி திருப்பும் தாளின் தரம், கம்பத்தின் உயரம் எல்லாம் விவரமாக இருக்கும். பத்துப் பேரிடம் காட்டிப் பார்த்தபின் நடுக என்ற ஒரு வரியை நான் பார்த்ததில்லை.

அந்த வரியைச் சேர்க்கப் பணம் அதிகம் ஆகாது. ஆனந்த் விஹார் பேருந்து நிலையத்தில் இறங்கும் பத்துப் பேர் போதும். அதற்கும் முன்னால் ரயில்வே செய்யக்கூடியது ஒன்று உண்டு. விழாக்கால ஸ்பெஷலுக்கு வழக்கமான ரயிலின் பெயரை ஒட்டிய பெயர் வைக்காதிருக்கட்டும். ஒரு முறை அறிவித்த நடைமேடையை மாற்றாதிருக்கட்டும். இரண்டுக்கும் புதுப் பலகை ஒன்றுகூட வேண்டாம்.